அச்சுக்கூடச் சட்டமும் இணையச் சட்டமும்

பழைய அச்சுநூல் ஒன்று கைக்குக் கிடைத்தவுடன் அதன் முகப்பேட்டின் அடிப்பகுதியை நோக்கும் வழக்கம் பதிப்பாராய்ச்சியில் ஈடுபட்டோர் எல்லார்க்கும் உண்டு. இன்ன ஊரில், இன்னாருடைய அச்சுக்கூடத்தில், இன்ன ஆண்டில் பதிப்பிக்கப்பெற்றது என்னும் சிறு குறிப்பே நூலின் காலத்தை நிறுவவும், முதற்பதிப்பினைப் பின்வந்த பதிப்புக்களினின்று பிரித்தறியவும் நமக்குத் துணையாகிறது. அக்குறிப்பு பதிப்பித்தோரின் விருப்பம் ஒன்றினாலேயே அங்கு இடம்பெற்றதன்று. ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்து அச்சுச் சட்டங்கள், சிறப்பாக 1867ஆம் ஆண்டுச் சட்டம், அதனைக் கட்டாயமாக்கின. அரசியலார் தம் காவற்பணியின் பொருட்டு வகுத்த விதி நம் இலக்கிய வரலாற்றுக்குச் சான்றாக அமைந்துவிட்டது. இவ்வுறவை மனத்திற் கொண்டு, இணையத் தளங்களை நெறிப்படுத்துவதற்கு இந்நாளில் இந்திய அரசியலார் இயற்றியுள்ள சட்டத்தையும் விதிகளையும் நோக்குதல் இக்கட்டுரையின் கருத்தாகும். சட்ட நுணுக்கங்களை எல்லாம் ஆராய்தல் எம் பணியன்று; அது சட்டம் பயின்றார்க்கு உரியது. எழுத்தைச் சுமந்து செல்வோரைச் சட்டம் எவ்வாறு பற்றுகிறது, பற்றிய பின் அவ்வெழுத்தைக் குறித்து எத்தகைய பதிவை விட்டுச் செல்கிறது என்னும் இரண்டினையே ஈண்டு எடுத்துக்கொள்கிறோம்.

எழுதியவர் ஒருவர், அச்சிட்டவர் மற்றொருவர், பரப்பியவர் வேறொருவர். எழுதியவர் புனைபெயரில் மறையலாம்; பரப்பியவர் ஊர் ஊராகத் திரியலாம். அச்சுப்பொறி வைத்திருப்பவரோ ஓரிடத்தில் நிலையாக இருப்பவர். அவருக்கு இழப்பதற்கு உடைமையும் உண்டு. ஆதலின் ஆட்சியாளர் முதலிற் பற்றியது அவரையே. 1799இல் வெல்லெசுலி பிரபு கல்கத்தா இதழ்களுக்கு விதித்த விதிகளுள் ஒன்று, அச்சிடுவோர் தம் பெயரை இதழின் அடியிற் பொறிக்கவேண்டும் என்பது. 1823ஆம் ஆண்டு விதி உரிமம் பெறாத அச்சுக்கூடத்தைத் தடுத்தது. 1835இல் மெட்காஃபு காலத்தில் இயற்றப்பெற்ற சட்டம் அவ்வுரிம முறையை நீக்கி, அச்சிடுவோர் நடுவர்முன் தம் பெயரையும் இடத்தையும் அறிவித்தாற் போதும் என்றாக்கிற்று. 1835க்கு முன் நம்மவர் அச்சுக்கூடமே வைத்திருக்கவில்லை என்பது போல எழுதுவார் சிலர் உளர். 1812இல் சென்னைப்பட்டினத்து மாசத்தினசரிதை அச்சுக்கூடத்தில் ஞானப்பிரகாசன் என்பார் பதிப்பித்த திருக்குறள் மூலபாடம் அக்கூற்றைத் தயங்காது ஏற்கவொண்ணாதபடி செய்கிறது. அந்நூலின் முகப்பிலும் ஊர், பதிப்பித்தார் பெயர், அச்சுக்கூடத்தின் பெயர், ஆண்டு ஆகியன காணப்படுதலின், சட்டத்தின் வற்புறுத்தல் வலுப்பெறுமுன்னரே அவ்வழக்கு நம்மிடையே வேரூன்றத் தொடங்கியது எனலாம்.

அச்சிட்டவரைப் பற்றினால் எழுதியவரை எட்டலாம் என்பதற்கு வங்கத்தில் நிகழ்ந்த வழக்கொன்று நல்ல சான்று. தீனபந்து மித்திரர் அவுரித் தோட்ட முதலாளிகளின் கொடுமையைக் காட்டி இயற்றிய 'நீல தர்ப்பணம்' என்னும் நாடகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1861இல் பெயர்த்தவர் பெயரின்றி வெளிவந்தது. தோட்ட முதலாளிகள் அச்சிட்ட மானுவேல் என்பார்மீது வழக்குத் தொடுத்தனர். நூலை அச்சிடக் கொடுத்தவர் பாதிரியார் சேம்சு லாங்கு என்பதை மானுவேல் வெளியிட்டார். அவருக்குப் பத்து ரூபாய் தண்டம்; லாங்கு பாதிரியாருக்கோ ஆயிரம் ரூபாய் தண்டமும் ஒரு திங்கள் சிறையும். 'உனக்கு இதைக் கொடுத்தவர் யார்?' என்னும் வினாவைச் சுமந்தவரிடம் வினவும் முறை பழையது என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். இவ்வினாவை நாம் மீண்டும் காண்போம்.

1867ஆம் ஆண்டின் அச்சகங்கள் மற்றும் நூல்கள் பதிவுச் சட்டம், 1835ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி அதனிடத்தில் அமர்ந்தது. அதன் முகவுரை மூன்று நோக்கங்களை ஒருங்கே கூறுகிறது. அச்சுக்கூடங்களையும் செய்தித்தாள்களையும் நெறிப்படுத்தல் ஒன்று. அச்சான நூல்களின் படிகளைப் பாதுகாத்தல் மற்றொன்று. அந்நூல்களைப் பதிவுசெய்தல் பிறிதொன்று. இம்மூன்றும் ஒரே சட்டத்தில் அமைந்தமை தற்செயலன்று. மக்கள் என்ன படிக்கின்றனர் என்பதை 1857க்குப் பின் ஆட்சியாளர் அறிய விரும்பினர். அறிதற்குப் படிகளும் பட்டியலும் வேண்டும். நோக்கம் வேவு பார்த்தலே எனினும் விளைவு நூற்றொகையாயிற்று.

அச்சட்டத்தின்படி ஒவ்வொரு மாகாணத்திலும் நூற்பட்டியல் ஒன்று எழுதப்பெற்று மூன்று திங்களுக்கு ஒருமுறை அரசிதழில் வெளியிடப்பெற்றது. நூலின் பெயர், மொழி, பொருள், ஆசிரியர் அல்லது மொழிபெயர்ப்பாளர் பெயர், அச்சிட்ட இடம், அச்சிட்டவர், வெளியிட்டவர், அச்சினின்று வெளிவந்த நாள், பக்க அளவு, எத்தனையாம் பதிப்பு, எத்தனை படிகள், விலை, பதிப்புரிமை உடையவர் என இத்துணைச் செய்திகளை ஒரு வரிசையில் அடக்கினர் அக்காலத்து அலுவலர். தமிழ்ப் புதினத்தின் தோற்றம் பற்றியோ, சிற்றிலக்கியப் பதிப்புக்கள் பற்றியோ, கோயில் திருவிழாக்களிலும் குச்சிலிக்கடையிலும் விற்ற கொலைச்சிந்து, நொண்டிச்சிந்து போன்றவை பற்றியோ ஆராய்வோர் இப்பட்டியல்களை விட்டு ஓரடியும் நகர இயலாது. பெரும்புலவர் பதிப்பித்த நூல்களைக் காப்பதற்கு மடங்களும் நூல்நிலையங்களும் இருந்தன. சில்லறைக் காசுக்கு விற்ற சிறு நூலைக் காக்க ஒருவரும் இலர். அவற்றுட் பல இன்று பட்டியலில் ஒரு வரியாக மட்டுமே வாழ்கின்றன. அவ்வொரு வரியும் இன்றேல், அத்தகைய நூல் இருந்தது என்றே நாம் அறியமாட்டோம்.

ஈண்டு ஒரு பிழையைத் திருத்துதல் நன்று. 1878இல் இலிட்டன் பிரபு இயற்றிய தாய்மொழி இதழ்ச் சட்டம் தமிழிதழ்களை நசுக்கியது என்று தேர்வு விடைத்தாள்களில் ஆண்டுதோறும் படிக்கின்றோம். நடுவர் தாமே பிணைத்தொகை கேட்கவும் அச்சுப்பொறியைக் கைப்பற்றவும், அதன்மேல் நீதிமன்றத்தில் முறையிட வழியின்றிச் செய்யவும் வகை கண்ட கொடிய சட்டமே அது. ஆயினும் சென்னை மாகாணத்துக்கு அது விரிக்கப்பெறவில்லை. 1882இல் இரிப்பன் பிரபு காலத்தில் அது நீங்கிற்று.

தமிழ்நாட்டில் அச்சுச் சட்டங்களின் வன்மையை உணர்த்தியது 1908ஆம் ஆண்டு. 'இந்தியா' இதழில் எழுதியவர் பாரதியார் என்பதை அறியாதார் இலர். ஆயினும் சட்டத்தின் முன் இதழுக்குப் பொறுப்பாளராகப் பெயர் பதிந்திருந்தவர் சீனிவாசன் என்பார். சிறை சென்றவர் அவரே. பாரதியார் புதுச்சேரி சென்றார். இதழும் அங்கிருந்து வெளிவரலாயிற்று. இதனைப் பாரதியாரின் வாழ்க்கை வரலாற்றில் ஓர் இடர் என்ற அளவில் கூறிச் செல்வோர், பதிவேட்டில் இருந்த பெயருக்கு உரியவர் பட்ட துன்பத்தைப் பெரும்பாலும் ஒரு தொடரில் முடித்துவிடுகின்றனர். 'குடிஅரசு' இதழில் 1933இல் வெளிவந்த தலையங்கத்துக்காக ஆசிரியர் பெரியார் ஈ. வெ. இராமசாமி மட்டுமின்றி, வெளியிடுவோராகப் பெயர் கொடுத்திருந்த அவர் தங்கையார் கண்ணம்மாளும் வழக்குக்கு உள்ளாகி 1934இல் இருவரும் தண்டிக்கப்பெற்றனர். வெளியிடுபவர் என்னும் சொல் வெறும் அச்சு அலங்காரமன்று என்பது இவற்றாற் புலனாகும்.

1910ஆம் ஆண்டு அச்சுச் சட்டம் பிணைத்தொகை முறையை நாடு முழுதும் பரப்பிற்று. பாரதியாரின் 'கனவு', 'ஆறில் ஒரு பங்கு' என்பன தடுக்கப்பெற்றது அக்காலத்திலேயே. அச்சட்டம் 1922இல் நீக்கப்பெற்றபோது, நூலைப் பறிமுதல் செய்யும் ஆற்றல் குற்றவியல் நடைமுறைத் தொகுப்பின் 99அ பிரிவாக மாறி நிலைத்தது. இப்பிரிவினைச் சற்று நின்று காணல் வேண்டும். பறிமுதல் ஆணையை அரசியலார் அரசிதழில் வெளியிடவேண்டும். தம் கருத்துக்குரிய காரணங்களையும் அதிற் கூறவேண்டும். நூலில் உரிமையுடையோர் இரண்டு திங்களுக்குள் உயர்நீதிமன்றத்தை நாடலாம். மூன்று நீதிபதிகள் கூடி அதனை ஆராய்வர். அடக்குமுறைக் காலத்தில் எழுந்த விதியேயெனினும், அடக்கியதை ஒப்புக்கொண்டு ஊரறியச் சொல்லும் கடப்பாடு அதனுள் இருந்தது. தடைசெய்யப்பெற்ற தமிழ் நூல்களின் பட்டியலை இன்று நாம் தொகுக்க முடிகிறதென்றால் அவ்வரசிதழ் அறிவிக்கைகளே அதற்குக் காரணம்.

அப்பிரிவின் வீச்சும் பெரிது. 1928இல் பர்மிய அரசியலார் பாரதியார் பாடல்களைப் பறிமுதலுக்கு உரியன என அறிவித்தனர். ஒரு மாகாணத்து ஆணை பிரிட்டிஷ் இந்தியா முழுதும் செல்லுமாதலால், இரங்கூனிற் பிறந்த ஆணை சென்னையில் நூற்படிகளைக் கவர்ந்தது. சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி அதனைக் கண்டித்துத் தீர்மானம் கொணர்ந்தார், அது நிறைவேறிற்று. ஆணை வெளிப்படையாக இருந்தமையாலன்றோ அதனை எதிர்க்க இயன்றது!

விடுதலைக்குப் பின் சென்னை மாநிலமே ஒரு பெருந்தீர்ப்புக்குக் களமாயிற்று. பம்பாயில் வெளிவந்த 'கிராசுரோட்சு' என்னும் ஆங்கில வார இதழ் மாநிலத்துள் நுழைதலையும் பரவுதலையும் சென்னை அரசியலார் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்த் தடுத்தனர். உரமேசு தாப்பர் தொடுத்த அவ்வழக்கில் உச்சநீதிமன்றம் 1950 மே 26ஆம் நாள், பரவும் உரிமை இன்றேல் வெளியிடும் உரிமைக்குப் பயனில்லை என்ற கருத்தை நிலைநாட்டித் தடையை நீக்கியது. அடுத்த ஆண்டே அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்து, பொது ஒழுங்கின் பொருட்டும் பேச்சுரிமைக்கு நியாயமான வரையறை விதிக்கலாம் என்றாக்கிற்று. எழுதுதலினும் பரப்புதலே சட்டத்தின் இலக்கு என்னும் உண்மை அன்றே வெளிப்பட்டது. இணையம் இவ்விரண்டையும் ஒரே செயலாக்கிவிட்டது. எழுதியவர் விரலை எடுக்குமுன் எழுத்து உலகின் மறுகோடியில் உள்ளது. எனினும் இடையில் ஒருவர் இருக்கின்றார். அவர் எழுதுவதில்லை, திருத்துவதில்லை. பிறர் எழுத்தைத் தாங்கிச் செல்கின்றார். அவரையே சட்டம் 'இடைநிலையர்' என்று வழங்குகிறது.

2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில் நடைமுறைக்கு வந்தது. 2008இல் நிறைவேறி 2009 அக்டோபர் 27 முதல் செயற்பட்ட திருத்தமே நம் ஆய்வுக்கு முதன்மையானது. பிறர் எழுத்துக்காக இடைநிலையர்க்குப் பொறுப்பில்லை எனவும், ஆயின் உரிய விழிப்புடன் நடந்துகொள்ளாதாரை அப்பாதுகாப்பு சேராது எனவும் 79ஆம் பிரிவு கூறியது. 69அ பிரிவு நடுவண் அரசியலார்க்கு இணையச் செய்தியைத் தடுக்கும் ஆற்றலைத் தந்தது. 66அ பிரிவோ, எரிச்சலூட்டும் செய்தியை அனுப்புதலையும் குற்றமாக்கிற்று. எரிச்சலுக்கு எல்லை காண்பார் யார்? இப்பிரிவை உச்சநீதிமன்றம் சிரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச்சு 24ஆம் நாள் அடியோடு நீக்கியது. நீதிமன்ற ஆணையோ அரசின் அறிவிப்போ வந்தபின்னரே இடைநிலையர் ஒரு செய்தியை நீக்கக் கடமைப்பட்டவர் என 79ஆம் பிரிவுக்கு வரம்பும் கட்டிற்று. 69அ பிரிவை மட்டும், காரணங்கள் எழுத்தில் பதியப்பெறுகின்றன என்பது முதலாய காப்புக்களைச் சுட்டி, நிலைபெறச் செய்தது.

2021 பிப்ரவரி 25ஆம் நாள் வெளிவந்த விதிகளைப் படிக்கும் அச்சு வரலாற்று மாணவர் பழைய முகங்களை அடையாளம் காண்பார். ஐம்பது இலட்சம் பயனர்க்கு மேற்பட்ட பெருந்தளங்கள், விதிகள் பேணப்படுவதைக் கண்காணிக்கும் தலைமை அலுவலர் ஒருவரையும், காவல்துறையினர் எந்நேரமும் தொடர்புகொள்ளத்தக்கார் ஒருவரையும், குறைதீர்க்கும் அலுவலர் ஒருவரையும் அமர்த்தவேண்டும். மூவரும் இந்தியாவிற் குடியிருப்போராதல் வேண்டும். தலைமை அலுவலர் கடமையில் தவறின் வழக்குக்கு அவரே பொறுப்பாவார். கடல் கடந்த நிறுவனத்தின் சார்பில் கைக்கெட்டும் தொலைவில் ஒரு மனிதர் வேண்டும் என்பதே இதன் கருத்து. 1867இல் நடுவர்முன் நின்று, 'இன்ன ஊரில் இன்ன தெருவில் அச்சுப்பொறி வைத்துள்ளேன்' என்று கையெழுத்திட்டவரின் வழித்தோன்றல் இவர்.

நீல தர்ப்பண வழக்கின் வினாவும் ஈண்டு மீள்கிறது. செய்தி பரிமாறும் பெருந்தளங்கள், கடுங்குற்ற வழக்குக்களில் நீதிமன்றமோ உரிய அதிகாரியோ ஆணையிடின், ஒரு செய்தியை முதன்முதல் விடுத்தவரைக் காட்டவேண்டும் என்கிறது நான்காம் விதி. முதலில் விடுத்தவர் அயல்நாட்டவராயின், இந்திய எல்லைக்குள் அதனை முதலில் விடுத்தவரே முதல்வராகக் கருதப்படுவார். பாட ஆராய்ச்சி செய்வோர்க்கு இத்தொடர் வியப்பளிக்கும். கிடைத்த ஏடுகளுள் பழையது எதுவோ அதுவே மூல ஏடு என்று முடிவுகட்டலாகாது என்று நாம் மாணவர்க்கு முதல் வகுப்பிலேயே கற்பிக்கின்றோம். படியெடுத்தவரை ஆசிரியராக்கும் பிழையைப் பதிப்பாசிரியர் செய்தால் மதிப்புரையாளர் கண்டிப்பர். சட்டம் அதனையே புனைவாக ஏற்றுக்கொண்டது. இவ்விதியை எதிர்த்து வாட்சப் நிறுவனம் 2021இல் தில்லி உயர்நீதிமன்றத்தை நாடியது. விதிகளின் பிற பகுதிகளும் வழக்குக்கு உள்ளாயின. இணைய இதழ்களுக்கு நன்னெறி விதித்த ஒன்பதாம் விதியின் இரு கூறுகளைப் பம்பாய் உயர்நீதிமன்றம் 2021 ஆகத்தில் நிறுத்திவைத்தது. அடுத்த திங்கள் இசைக்கலைஞர் டி. எம். கிருஷ்ணா முதலியோர் தொடுத்த வழக்குக்களில் சென்னை உயர்நீதிமன்றம், அந்நிறுத்தம் நாடு முழுதும் செல்லத்தக்கது என்று கருதிற்று. 1928இல் இரங்கூனிலிருந்து தடை வந்தது. இம்முறை பம்பாயிலிருந்து தடைக்குத் தடை வந்தது.

இதுகாறும் ஒற்றுமைகளைக் கண்டோம். வேற்றுமையே எம்மைக் கவலைகொள்ளச் செய்வது. 1867ஆம் ஆண்டுச் சட்டத்தின் முகவுரையிற் கண்ட மூன்று நோக்கங்களுள், இணையச் சட்டம் நெறிப்படுத்தல் ஒன்றையே கைக்கொண்டது. பாதுகாத்தலும் பதிவுசெய்தலும் அதில் இல்லை. 69அ பிரிவின்கீழ் 2009இல் வகுத்த விதிகளுள் பதினாறாவது, தடுக்கக் கோரும் வேண்டுகோள், முறையீடு, அவற்றின்மேல் எடுத்த நடவடிக்கை ஆகிய எல்லாம் மறைவாகவே வைக்கப்படவேண்டும் என்கிறது. காரணம் எழுத்தில் இருக்கிறது. ஆனால் படிப்போர்க்கு எட்டாது. 99அ பிரிவின் அரசிதழ் அறிவிக்கையோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்க. நீக்கப்பெற்ற எழுத்தைப் பற்றியோ 2021ஆம் ஆண்டு விதி 180 நாள் காத்துவைக்குமாறு தளத்தினரைப் பணித்தது. 2011ஆம் ஆண்டு விதியில் அது 90 நாளாக இருந்தது. காத்துவைப்பதும் புலனாய்வின் பொருட்டே. பெருந்தளங்கள் திங்கள்தோறும் வெளியிடவேண்டிய அறிக்கையில் முறையீடு எத்தனை, நடவடிக்கை எத்தனை என்ற தொகைகள் இருக்கும். எழுத்தின் தலைப்போ மொழியோ பொருளோ இரா. சென்ற நூற்றாண்டுக் காலாண்டுப் பட்டியலின் ஒரு வரிக்கும் இது ஈடாகாது.

2020 சூன் 29ஆம் நாள் 59 செயலிகளை அரசியலார் தடுத்தபோது டிக்டாக்கும் அவற்றுள் ஒன்று. முன்னரே 2019 ஏப்பிரலில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்து அத்திங்களிலேயே நீக்கியிருந்தது. தடைகளின் தகுதி பற்றி ஈண்டு வழக்காடவில்லை. ஆயின் சிற்றூர் மக்கள் தம் வட்டார வழக்கிலேயே பேசியும் பாடியும் ஆடியும் பதிந்த காட்சிகள், இந்தியாவில் இருப்போர்க்கு ஒரே நாளில் எட்டாதனவாயின என்பதை நாட்டார் வழக்காற்றை ஆராய்வோர் மறத்தற்கில்லை. குச்சிலிச் சிறுநூலுக்கு இருந்த பட்டியல் வரி இவற்றுக்கு இல்லை.

இதற்கு மறுப்பொன்று எழும், அது புறக்கணிக்கத்தக்கதன்று. பெண்ணொருத்தியின் அந்தரங்கப் படத்தை ஒருவன் இணையத்தில் இட்டால் அதனை விரைந்து அழித்தலே அறம். அழித்ததைப் பட்டியலிடுதல் அவளை மீண்டும் புண்படுத்துவதாகும். 2021ஆம் ஆண்டு விதிகள் இத்தகைய முறையீட்டின்மேல் 24 மணி நேரத்துள் நடவடிக்கை வேண்டும் என்றது நன்றே. அச்சுக்காலத்து அவதூறு ஓர் ஊரில் நின்றது, இது நிற்பதில்லை. ஆகவே மறைவு முழுவதும் தீதென்று கூறோம். தனியொருவர் தம் மானம் காக்க வேண்டுவதும், அரசியலார் தம் கருத்துக்கு மாறானதெனக் கண்டு தடுப்பதும் வெவ்வேறு. முன்னதற்கு உரிய மறைவைப் பின்னதற்கும் பொதுவாக்கிய இடத்திலேதான் விதி தவறுகிறது என்பது எம் கருத்து. இணையத் தொடர்பையே துண்டிக்கும் ஆணைகள் வெளியிடப்படவேண்டும் என்று அனுராதா பாசின் வழக்கில் 2020 சனவரி 10ஆம் நாள் உச்சநீதிமன்றம் கூறியது. ஓர் ஊர் முழுதுக்கும் இணையத்தை நிறுத்தும் ஆணையை வெளியிடல் இயலுமெனின், ஒரு கட்டுரையைத் தடுக்கும் ஆணையை வெளியிடல் ஏன் இயலாது என்று தெரியவில்லை.

1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டத்தின்படி சென்னைக் கன்னிமாரா நூலகம் நாட்டின் நான்கு வைப்பகங்களுள் ஒன்று. அச்சிட்ட நூலையும், 1956ஆம் ஆண்டுத் திருத்தத்தால் செய்தித்தாளையும் கருதியே அச்சட்டம் எழுந்தது. நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் வாழ்ந்த 1867ஆம் ஆண்டுச் சட்டமோ, 2023இல் இயற்றப்பெற்ற பருவ வெளியீடுகள் பதிவுச் சட்டத்தால் 2024 மார்ச்சு முதல் நாள் நீங்கிற்று. புதிய சட்டம் செய்தித்தாள்களையும் பருவ இதழ்களையும் மட்டுமே கொண்டது. நூல்கள் அதன் எல்லையுள் வாரா. மூன்று திங்களுக்கொருமுறை நூல்களைப் பட்டியலிட்டு அரசிதழில் வெளியிடுமாறு பணித்த பிரிவும் அந்நாளோடு சட்டநூலினின்று மறைந்தது.